சப்பரத்தின் முன் வலது தோள்

செபஸ்தியார் திருவிழாவில் எங்கள் கோயிலிலிருந்து சப்பரம் வீதிக்கு வரும்போது, அதைத் தாங்கும் தண்டுகளில் முன் வலதுபுறம் எங்கள் குடும்பத்துத் தோளில் இருக்கும். என் தாத்தா கிள்ளான் ரயில் நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில் ஆரம்பித்தது. அவருக்குப் பிறகு என் அப்பா. அப்பாவுக்குப் பிறகு நான். இதை யாரும் எங்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்கள் பங்கில், அதாவது இந்தக் கோயிலைச் சேர்ந்த ஆட்களில், யாரிடமாவது போய் ரபேல் வீடு எது என்று கேட்டால், "யாரு, முன் வலது ரபேலா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார்கள்.

போன திருவிழாவில் நல்ல மழை. சாலையில் தண்ணீர் தேங்கியிருந்ததால் குழி இருந்தது தெரியவில்லை. என் கால் உள்ளே போனது, சப்பரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையிலிருந்து வரவழைத்த மாலை நழுவி விழுந்தது. புனிதர் விழவில்லை. நானும் விழவில்லை. காலை இழுத்துக்கொண்டு சப்பரத்தைக் கோயில் வாசல் வரை கொண்டுவந்து இறக்கி வைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு என் வயதைப் பற்றிப் பேசாதவர்கள் பங்கில் கிடையாது. எழுபத்து மூன்று என்பது எனக்கே தெரியும். மற்றவர்கள் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

என் மகன் மெல்போர்னில் குடியேறிவிட்டான். எனவே எனக்குப் பிறகு தண்டைத் தூக்க என் தம்பி மகனைக் காஜாங்கிலிருந்து வரச் சொல்வதாக முடிவு செய்திருந்தேன். அந்தச் செய்தியை, கோயில் காரியங்களை முடிவு செய்யும் பங்குப் பேரவையில் தெரிவித்துவிட்டால் பேச்சு அடங்கிவிடும் என்று நினைத்தேன். நவம்பரில் கூடிய கூட்டத்துக்கு அந்த எண்ணத்தோடுதான் போனேன். கூட்டம் வழக்கமான கூட்டமாக இல்லை.

புதிதாக மாற்றலாகி வந்த ஃபாதர் மார்க், திருவிழாவை எப்படி நடத்துவது என்று எல்லோரும் சேர்ந்து யோசிக்க வேண்டும் என்றார். அதை நடத்தித் தர டேரனை அழைத்திருந்தார். டேரன் எங்கள் பங்குப் பையன்தான், பாடற்குழுவில் கிட்டார் வாசிப்பவன். சுபாங் ஜெயாவில் ஒரு கம்பெனியில் அவனுக்கு இதுதான் வேலை. ஆட்களை ஓர் அறையில் உட்கார வைத்து, ஆளுக்கொரு கம்ப்யூட்டரைக் கொடுத்து, அவர்கள் மண்டையில் உள்ளதை வெளியே எடுப்பது. மறைக்கல்வி வகுப்பு முடிந்த சனிக்கிழமை மதியம், பங்கு மண்டபத்து மேசைகளில் மடிக்கணினிகளை வரிசையாகத் திறந்து வைத்திருந்தான். சுவரில் பெரிய திரை.

"அங்கிள், ஆன்டி, எல்லாரும் இங்க பாருங்க," என்று ஆரம்பித்தான். "நம்ம மீட்டிங்ல எப்பவும் என்ன நடக்கும்? மூணு பேர் பேசுவாங்க, முப்பது பேர் தலையாட்டுவாங்க. இன்னிக்கு யாரும் வாயால பேச வேண்டாம். மனசுல என்ன வருதோ டைப் பண்ணுங்க. தமிழ், இங்கிலீஷ், மலாய், எது வேணும்னாலும் ஓகே. எல்லாம் ஸ்கிரீன்ல வரும். யார் எழுதினாங்கன்னு மட்டும் வராது."

"அந்த மூணு பேர்ல நானும் ஒருத்தனா?" என்று கேட்டேன்.

"ஐயோ அங்கிள், சும்மா சொன்னேன் லா."

மண்டபமே சிரித்தது. மற்ற இரண்டு பேர் யாரென்று எனக்குத் தெரியும். அவர்களும் சிரித்தார்கள்.

பெயருக்குப் பதிலாக ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு பழத்தின் பெயரைக் கொடுத்திருந்தான். என் திரையின் மூலையில் 'செம்பெடாக்' என்று இருந்தது, பலாவுக்குத் தம்பி மாதிரியான பழம். எனக்குப் பக்கத்தில் மறைக்கல்வி ஆசிரியை புனிதா உட்கார்ந்திருந்தாள். எட்டிப் பார்க்க முயன்றாள். நான் திரையைத் திருப்பிக்கொண்டேன்.

"சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்கதானே?" என்றேன்.

"எனக்கு ரம்புத்தான் அண்ணே," என்றாள் காதோரமாக. அவளால் எதையும் மறைத்து வைக்க முடியாது.

போர்ட் கிள்ளானில் சுங்கத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதிகாரியாக இருந்தவன் நான். மொட்டைக் கடுதாசி என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். பிடிக்காதவனைப் பற்றிப் பெயர் போடாமல் எழுதி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவார்கள். அதை வைத்து எந்த ஊழியனையும் நான் கூப்பிட்டு விசாரித்ததில்லை. இப்போது அதே வேலையைப் பளபளவென்று திரை போட்டு, பழப் பெயர் வைத்துக் கோயில் மண்டபத்தில் செய்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் அரைமணி நேரத்தில் திரையில் வந்தவை நல்ல யோசனைகள். பெண்களுக்குக் கூடுதலாகக் கழிப்பறை வேண்டும். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்குப் படிக்கட்டின் ஓரமாகச் சாய்தளம் போட வேண்டும். சப்பரம் பள்ளிவாசலைக் கடக்கும் நேரம் அவர்களுடைய தொழுகை நேரமாக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றை யாரும் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. இத்தனை ஆண்டுகளாகக் கழிப்பறை வாசலில் வரிசையில் நின்ற பெண்கள் எங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்கள், வாயைத் திறந்ததில்லை. பையன் கெட்டிக்காரன்தான்.

பிறகு அடுத்த கேள்வியைத் திரையில் போட்டான். 'வர்ற திருவிழாவுல சப்பரத்தை எப்படிக் கொண்டு போகலாம்?'

முதலில் டூரியான் எழுதியது: 'லோரியில ஏத்தலாம். லைட் போட்டா அழகா இருக்கும். யாருக்கும் தோள் வலிக்காது.'

'நல்ல ஐடியா,' என்றது பப்பாளி.

'லோரி வாடகைக்குக் கிடைக்கும். என் மச்சான்கிட்ட கேக்கறேன்,' என்றது பிசாங், அதாவது வாழைப்பழம்.

அதன் கீழே சலாக் எழுதியது. பாம்புத் தோல் போன்ற தோலுடைய பழம் அது. 'லோரி வேண்டாம். தோளிலேயே தூக்கலாம். ஆனா தண்டு எந்தக் குடும்பத்துக்கும் சொந்தமில்ல. பலமும் மனசும் இருக்கிறவங்க யாரா இருந்தாலும், ஆணோ பெண்ணோ, தூக்கட்டும்.'

நான் அதைப் படித்து முடிப்பதற்குள் டூரியான் மறுபடியும் வந்துவிட்டது. 'கரெக்ட். முன்னாடி வலது பக்கம் எப்பவும் ஒரே குடும்பம். போன திருவிழாவுல புனிதரையே கவுக்கப் பார்த்தாங்க. அந்த வீட்டுல இப்ப ஆம்பளையும் இல்ல. இன்னும் எதுக்கு வீம்பு?'

மண்டபத்தில் விசைகளைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லா முகத்திலும் கம்ப்யூட்டர் வெளிச்சம் ஒரே மாதிரி விழுந்திருந்தது. பழைய கூட்டமாக இருந்தால், இப்படி ஒருவன் பேசியிருந்தால், கழுத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கும். இப்போது கழுத்தைத் திருப்ப ஓர் இடம் இல்லை.

சரி, இவர்கள் வழியிலேயே பதில் சொல்வோம் என்று நானும் தட்ட ஆரம்பித்தேன். ஒரு விரலால்தான் எனக்குத் தட்டத் தெரியும்.

'லோரியில் ஏற்றினால் அந்த லோரிக்கு முன்னால் நான் படுத்துக்கொள்வேன்.'

'லோரியில் ஏறிப் போக அவர் கோழி அல்ல, புனிதர்.'

'எந்த லோரி என்று சொல்லுங்கள். லோரிக்காரனிடம் நானே பேசிக்கொள்கிறேன்.'

என்னைப் போலவே கோபப்பட்டவர்கள் மண்டபத்தில் இன்னும் இருந்தார்கள். லோரி வேண்டாம், லோரி அவமானம், லோரி வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று வரிகள் மளமளவென்று ஏறின. எனக்குத் தெம்பு வந்தது. இன்னும் ஒன்று தட்டினேன்.

டேரன் கையைத் தட்டினான். "போதும் அங்கிள், ஆன்டி. இப்ப கம்ப்யூட்டர் இதையெல்லாம் சேர்த்துப் படிச்சு, ஒரே மாதிரி ஐடியாக்களை ஒண்ணாக் கூட்டும். கூட்டத்தோட மனசு எங்க இருக்குன்னு ஒரு படமா காட்டும். எது நிறைய வந்திருக்கோ அது பெருசா தெரியும்."

ஒரு பொத்தானை அழுத்தினான். திரை ஒரு கணம் வெறுமையாகி, பிறகு நடுவில், சுவரின் பாதியை அடைத்துக்கொண்டு, சிவப்பில் ஒரு சொல் வந்து நின்றது.

லோரி.

அதைச் சுற்றிச் சின்னச் சின்னதாக விளக்கு, தோள், மழை, குடும்பம், கோழி.

"லோரிதான் டாப்!" என்றான் டேரன் உற்சாகமாக. "செம்பெடாக் மட்டுமே நாலு லோரி ஐடியா கொடுத்திருக்காங்க."

புனிதா வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது, அது வரிசை வரிசையாகப் பரவியது. பேரவைத் தலைவர் அல்போன்ஸ் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"செம்பெடாக் யாரோ தெரியல, லோரிக்கு நல்லா சப்போர்ட் கொடுத்திருக்காரு," என்றார்.

நான் எழுந்து நின்றேன்.

"நான்தான் செம்பெடாக்."

சிரிப்பு நின்றது. டேரனின் முகம் மாறியது. "அங்கிள், சொல்லக் கூடாது. அதான் ரூல்."

"உன் ரூல் உன் கம்பெனியில. என்னோட எதிர்ப்பை ஆதரவா எண்ணுற கம்ப்யூட்டர் இது. படுத்துக்குவேன்னு எழுதுனேன். அதையும் லோரிக்குச் சேர்த்துக்கிச்சு. நான் வாயால பேசியிருந்தா இந்தத் தப்பு நடந்திருக்குமா?"

"அங்கிள் ரபேல்," என்றார் ஃபாதர் மார்க், "உட்காருங்க. அதைத் திருத்திக்கலாம்."

"உட்காருறேன் ஃபாதர். அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். கழிப்பறை வேணும்னு சொல்ல பேர் தேவையில்ல. சாய்தளம் போடச் சொல்ல பேர் தேவையில்ல. ஆனா ஒரு குடும்பத்தைப் பிடிச்சு வெளியே தள்ளணும்னு சொல்றவனுக்குப் பேர் வேணும். அந்த வீட்டுல ஆம்பள இல்லன்னு எழுதின டூரியான் யாரு? எழுந்து நிக்கட்டும். நான் பதில் சொல்றேன்."

யாரும் எழவில்லை.

"பேர் கேட்டா யாரும் சொல்ல மாட்டாங்க அங்கிள்," என்றான் டேரன். அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. அதற்காக அவனை நான் மதித்தேன். "அதுக்குத்தானே இந்த சிஸ்டமே இருக்கு. இல்லன்னா கழிப்பறை விஷயம்கூட இன்னிக்கு வந்திருக்காது."

"அது நான்," என்று பக்கத்திலிருந்து புனிதா எழுந்தாள். "நான் ரம்புத்தான். கழிப்பறை நான் எழுதினது. எனக்கு ஒண்ணும் பயம் இல்ல. போன திருவிழாவுல நான் எவ்வளவு நேரம் வரிசையில நின்னேன்னு எனக்குத்தான் தெரியும்."

கொஞ்சம் சிரிப்பு வந்தது. அந்தத் தைரியத்தில் சாய்தளம் எழுதியவர் கையைத் தூக்கினார். தொழுகை நேரத்தைப் பற்றி எழுதியது பாடற்குழுப் பெண் ஒருத்தி. நல்லதை எழுதியவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். டூரியானும் பப்பாளியும் பிசாங்கும் எழவில்லை.

அல்போன்ஸ் தொண்டையைச் செருமினார். "டேரன், உன் கம்ப்யூட்டர்ல யாரு டூரியான்னு பார்க்க முடியாதா?"

டேரன் தயங்கினான். "அட்மினா நான் பார்க்கலாம் அங்கிள். எந்தச் சீட்டுல எந்தப் பழம்னு இருக்கு."

மண்டபத்தில் நாற்காலிகள் நகர்ந்தன. சொல்லாமல் இருப்போம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஒரு பொத்தானுக்குப் பின்னால் எல்லாப் பெயரையும் வைத்திருந்திருக்கிறார்கள். மூன்றாவது வரிசையில் யாரோ திரையை மெதுவாக மூடும் சத்தம் கேட்டது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை.

"பாருடா தம்பி," என்றார் அல்போன்ஸ்.

"வேண்டாம்," என்றேன்.

"ஏன் அண்ணே? நீங்கதானே கேட்டீங்க?"

"எழுந்து நிக்கச் சொன்னேன். பிடிச்சு இழுத்துட்டு வரச் சொல்லல. தானா நிக்காதவனோட எனக்குப் பேச்சு இல்ல. அவன் யாருன்னு தெரிஞ்சா நாளைக்குத் திருப்பலியில அவனுக்குச் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கணும். அந்தச் சங்கடம் எனக்கு வேண்டாம். ஆனா ஃபாதர், ஒண்ணு கேக்கறேன். சொந்தக்காரன் இல்லாத யோசனையை வாக்குக்கு விடக் கூடாது. லோரின்னு சொன்னவன் எழுந்து, நான்தான் சொன்னேன், இதனாலதான் சொன்னேன்னு சொல்லட்டும். அப்புறம் வாக்கெடுங்க. யாரும் நிக்கலன்னா லோரி செத்துப்போச்சு."

"நியாயமாத்தான் படுது," என்றார் ஃபாதர். "சப்பரத்தைப் பத்தி எழுதினதுல யார் தன் பேரைச் சொல்லத் தயாரா இருக்காங்களோ, அந்த யோசனையை மட்டும் எடுத்துக்கலாம். லோரி யாரோடது?"

யாருடையதும் இல்லை. மச்சானிடம் கேட்பதாகச் சொன்ன பிசாங்கூட இருந்த இடம் தெரியவில்லை. சிவப்பில் அத்தனை பெரிதாக நின்ற சொல்லுக்கு மண்டபத்தில் அப்பனும் இல்லை, ஆத்தாளும் இல்லை.

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்து நாற்காலியை இழுத்தேன்.

"சலாக் நான்."

குரல் எனக்குப் பின்னால், கதவோரத்து மேசையிலிருந்து வந்தது. திரும்பிப் பார்க்காமலே அது யாருடையது என்று தெரிந்தது. பீடத்தில் நின்று வாசகம் வாசிக்கும் குரல் அது. என் மகள் சாண்ட்ரா. வாசகர் குழுவின் பொறுப்பாளராகப் பேரவையில் இருக்கிறாள். சுபாங் ஜெயாவில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட்டாக வேலை பார்க்கிறாள். அங்கேயே குடியிருந்தாலும் வாரம் தவறாமல் கிள்ளானுக்கு எங்கள் கோயிலுக்குத்தான் வருவாள்.

நாற்பது வயது கடந்தவள், என் உயரம் இருப்பவள், நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"டூரியான் எழுதினதுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல," என்றாள். "என் வீட்டைப் பத்தி அப்படி எழுதினவங்களுக்கு நான் அப்புறம் பதில் சொல்றேன். ஆனா தண்டு எந்தக் குடும்பத்துக்கும் சொந்தமில்லன்னு எழுதினது நான்தான். ஆணோ பெண்ணோன்னு எழுதினதும் நான்தான்."

அல்போன்ஸ் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷம் வழிந்தது. "அப்போ ரபேல் அண்ணே, உங்க சட்டப்படி வாக்குக்கு வர்றது இது ஒண்ணுதான். என்ன செய்யலாம்?"

பின்வாங்க வழி இருந்தது. குடும்ப விஷயம், வீட்டில் பேசிக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். ஃபாதரும் சரி என்றிருப்பார், இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்று ஒத்திப் போட்டிருப்பார். மண்டபம் முழுவதும் அதைத்தான் எதிர்பார்த்தது. ஆனால் பெயர் சொல்லி நின்றவர்களின் யோசனையைத்தான் எடுக்க வேண்டும் என்று சொன்னது என் வாய். அது என் வீட்டுக்கு எதிராக வந்துவிட்டது என்பதற்காக அதை விழுங்கிவிட்டால், பழத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட டூரியானுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

"வாக்குக்கு விடுங்க," என்றேன். "ஆனா முதல்ல நான் பேசணும்."

"பேசுங்க டாடி," என்றாள் அவள்.

"அந்தத் தண்டு எங்க சொத்துன்னு நான் ஒருநாளும் சொன்னதில்ல. அது எங்க வேலை. எங்க தாத்தா அதைத் தூக்கினப்போ தூக்க ஆள் இல்ல, அதனால தூக்கினாரு. மழையோ வெயிலோ, காய்ச்சலோ சாவோ, அந்த இடத்துல எங்க வீட்டு ஆள் இருப்பான்னு பங்குக்குத் தெரியும். யாரும் தூக்கலாம்னு சொன்னீங்கன்னா, மழை பெய்யற அன்னிக்கு யாரும் வரமாட்டாங்க. எல்லாரோட வேலைன்னா அது யாரோட வேலையும் இல்ல. அதான் என் வாதம்."

சிலர் தலையாட்டினார்கள். சாண்ட்ரா காத்திருந்து பேசினாள்.

"டாடி சொல்றது சரி. அந்த இடத்துல எங்க வீட்டு ஆள் இருக்கணும். ஆனா எங்க வீட்டு ஆள் யாரு? டாடிக்கு அப்புறம் காஜாங்லேர்ந்து சித்தப்பா மகனைக் கூப்பிடப் போறாங்க. அவன் கோயிலுக்கு வர்றது கிறிஸ்மஸுக்கு மட்டும். மோட்டார் சைக்கிள்ல விழுந்து முதுகுல பிளேட் வெச்சிருக்கு, அவனுக்கு எக்ஸர்சைஸ் சொல்லிக் கொடுத்ததே நான்தான்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"தினமும் என்னைவிட ரெண்டு மடங்கு எடை இருக்கிறவங்களைக் கட்டில்லேர்ந்து தூக்கி நிக்க வெக்கிறேன். எப்படித் தூக்கினா முதுகு போகாதுன்னு எனக்குத் தெரியும். மழையில நான் எந்த வருஷம் வராம இருந்தேன்? சப்பரத்துக்குப் பின்னாடி குடை பிடிச்சிட்டு நடந்தேன். எனக்கு அந்த வேலைதான் கொடுத்தாங்க. நான் எங்க வீட்டு ஆள் இல்லையா?"

"இதை வீட்டுல கேட்டிருக்கணும்," என்றேன்.

"கேட்டேன் டாடி. மூணு தடவ கேட்டேன். நீங்க பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க."

"நான் பதில் சொல்லலன்னா வேண்டாம்னுதான் அர்த்தம். அது உனக்குத் தெரியும்."

"தெரியும். அதனாலதான் இங்க எழுதினேன். டேரன் சொன்னது உண்மை. பேர் வேண்டாம்னு சொன்னதாலதான் கை வந்துச்சு. இல்லன்னா இன்னிக்கும் எழுதியிருக்க மாட்டேன்." "நீங்க எழுந்து நின்னதாலதான் நானும் நின்னேன்."

டேரன் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். வாக்கெடுப்புக்கு அவன் பொத்தானைத் தேடினான்.

"கம்ப்யூட்டர் வேண்டாம்," என்றேன். "கையைத் தூக்கட்டும்."

கையைத் தூக்கினார்கள். சாண்ட்ராவின் யோசனைக்கு ஆதரவாகப் பெண்கள் அத்தனை பேரின் கையும் எழும்பியது. புனிதா இரண்டு கையையும் தூக்கினாள், ஒன்றை இறக்கச் சொன்னார்கள். ஆண்களிலும் பாதிக்கு மேல். எதிர்ப்புக்கு நான் கையைத் தூக்கினேன். என்னோடு இன்னும் சிலர். என் கையை ஃபாதர் எண்ணி முடிக்கும் வரை நேராக வைத்திருந்தேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் தோற்றோம். 'நாங்கள்' என்று நான் எழுதுவது என்னையும் என்னோடு கையைத் தூக்கிய சிலரையும்.

"அங்கிள் ரபேல், ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார் ஃபாதர்.

"இந்த யோசனையைக் கொண்டுவந்தது யாருன்னு குறிப்புல எழுதுங்க. பழப் பேர் இல்ல. சாண்ட்ரா, ரபேலோட மகள்னு எழுதுங்க."

வெளியே வாகன நிறுத்தத்தில் அவள் தன் காருக்குப் பக்கத்தில் எனக்காக நின்றாள்.

"கோபமா டாடி?"

"கோபம்தான்."

"ரொம்பவா?"

"நீ உட்கார்ந்தே இருந்திருந்தா, அப்புறம் ஒருநாள் எனக்குத் தெரிய வந்திருந்தா, அப்போ ரொம்ப."

காரின் கதவைத் திறந்து நானே ஏறிக்கொண்டேன். வீட்டு வாசலில் மகதலேனா, என் மனைவி, என்ன நடந்தது என்று கேட்டாள். "உன் மகளைக் கேள்," என்றேன். இருவரும் சமையலறையில் வெகுநேரம் பேசினார்கள். நடுநடுவே மகதலேனா சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

காஜாங்குக்குப் போன் செய்து தம்பி மகனை வர வேண்டாம் என்று சொன்னேன். அவன் சந்தோஷப்பட்டது தெரிந்தது.

திருவிழாவுக்கு முந்தின வாரம் கோயில் முற்றத்தில் ஒத்திகை. சப்பரம் தூக்க விரும்புகிறவர்கள் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். நான் கோயிலுக்குப் போனபோது ஒரு பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். நான்கு பெண்கள். சாண்ட்ரா பழைய டி-ஷர்ட்டும் ரப்பர் காலணியும் போட்டு, ஒவ்வொருவரையும் முழங்காலை மடக்கி எழுந்திருக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அல்போன்ஸ் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, பார்க்க வந்தீங்களா?" என்று கேட்டார். "நாற்காலி போடச் சொல்லவா?"

"தூக்க வந்தேன்."

சாண்ட்ரா திரும்பினாள். "டாடி."

"தீர்மானம் என்ன சொல்லுது? பலமும் மனசும் இருக்கிறவங்க யாரா இருந்தாலும். வயசைப் பத்தி நீ ஒண்ணும் எழுதல."

"எழுதியிருக்கணும்," என்றாள்.

"எழுதல. இப்ப நான் வரிசையில நிக்கிறேன். எல்லாருக்கும் வெச்ச டெஸ்ட்டை எனக்கும் வை. அப்பான்னு பார்க்காத."

அவள் பார்க்கவில்லை. கையை மேலே தூக்கச் சொன்னாள், தூக்கினேன். தோளில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்தி, எதிர்த்து நிற்கச் சொன்னாள். நின்றேன். வலித்தது, அதை என் முகம் அவளுக்குச் சொல்லவில்லை. முழங்காலை மடக்கி எழச் சொன்னாள். போன வருஷக் குழியில் சுளுக்கிய கால் முனகியது. எழுந்தேன். இன்னொரு தடவை என்றாள். இன்னொரு தடவையும் எழுந்தேன்.

"சரி," என்றாள் கடைசியில். "பாதி தூரம். பாலம் வரைக்கும்தான். அங்க வேற ஆள் மாத்துவேன். அதுக்கு நீங்க ஒத்துக்கணும்."

"தலைவி யாரு, நீயா?"

"நான்தான்."

"அப்போ ஒத்துக்கறேன்."

யார் எந்தத் தண்டு என்பதைப் பிரிக்க டேரன் தன் போனில் ஏதோ தயாரித்து வைத்திருந்தான். குலுக்கல் மாதிரி அதுவே பெயரை எடுத்துக் கொடுக்குமாம். சாண்ட்ரா அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"உயரம் பார்த்துத்தான் நிறுத்தணும் டேரன். ஜோடி ஒரே உயரம் இல்லன்னா குள்ளமா இருக்கிறவங்க மேல சுமை சாயும்."

எல்லோரையும் சுவரோரம் நிற்க வைத்து உயரம் பார்த்தாள். உயரமானவர்கள் முன்னால் என்றாள், வாசல் படிக்கட்டு இறக்கம் என்பதால். முற்றத்தில் நின்றவர்களிலேயே உயரம் நானும் அவளும்தான். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். நான் வலதுபுறம் போய் நின்றேன். அவள் இடதுபுறம் வந்து நின்றாள்.

அல்போன்ஸ் எழுந்து வந்துவிட்டார். "இதென்ன கதை அண்ணே? ஒரு குடும்பத்துக்கு ஒரு தண்டு இருக்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டோம். இப்ப முன்னாடி ரெண்டும் உங்க வீட்டுக்குப் போயிடுச்சே!"

"நான் எதிர்த்து வாக்குப் போட்டேன்," என்றேன். "நீங்கதான் கேக்கல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அல்போன்ஸும் சிரித்துவிட்டார்.

"முழங்காலை மடக்குங்க," என்றாள் சாண்ட்ரா. "முதுகு நேரா இருக்கட்டும். டாடி, உங்களுக்கும்தான்."

"என் முதுகு எப்பவும் நேராத்தான் இருக்கு. நீ உன் பக்கத்தைப் பாரு."

தண்டு தோளில் ஏறியது. சப்பரம் ஆடாமல் எழுந்தது.